பணியிடம்: கேஸ்மேன், எண்ணிக்கை: ஒன்று

சாந்தோமில் எங்கள் சந்தில் மொத்தம் பதினோரு வீடு. பத்து வீட்டுச் சண்டையையும் ஒன்றாகக் கட்டி எடை போட்டாலும் பவுல்சாமி வீட்டுச் சண்டையில் கால்வாசி தேறாது. கீழ்வீட்டில் பவுல்சாமி, அவருடைய இளைய மகன் ஆஸ்டின், ஆஸ்டினின் மனைவி சான்ட்ரா. மாடியில் மூத்த மகன் எரிக், எரிக்கின் மனைவி லிண்டா. நடுவில் பதினேழு படி. அந்தப் படியில் ஏறி இறங்கிய வசவுக்குத் தேய்மானம் பார்த்திருந்தால் படிக்கட்டை இதற்குள் நான்கு முறை மாற்றியிருக்க வேண்டும். தலைமைச் செயலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளுக்குள் கிடந்து ஓய்வு பெற்ற எனக்கு எதிர்வீட்டு மாடியில் ஜன்னலோடு ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது முன்ஜென்மத்துப் புண்ணியம்.

இந்த வருஷம் தவக்காலம் பிறந்த வாரத்தில் கல்லூரி நிர்வாகத் திருத்தச் சட்டம் வந்தது. வெயிலும் அதுவும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின. அரசுக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இனிமேல் எத்தனை குழு, எத்தனை படிவம், எதில் யார் கையெழுத்து என்று தொண்ணூறு பக்கம். சட்டசபையில் அதை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு உறுப்பினர்களுக்குத் தாடி முளைத்துவிட்டதாகக் கேள்வி.

அதில் பதினான்காம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், கல்லூரியில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் எதிரே அந்தப் பணிக்குரிய பொருள் கண்ணெதிரே இயங்க வேண்டும். தோட்டக்காரர் என்றால் தோட்டம். பம்ப் இயக்குபவர் என்றால் பம்ப். இல்லாவிட்டால் அந்த ஆள் மிகை. மிகையானவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இயங்குகிறதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டியவர் அலுவலகக் கண்காணிப்பாளர்.

சைதாப்பேட்டைக்கும் அடையாறுக்கும் நடுவே ஆற்றோரமாக ஓர் அரசுக் கல்லூரி. பெயர் வேண்டாம், ஆற்றங்கரைக் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர் லிண்டா. அங்கேயே கேஸ்மேன் ஆஸ்டின்.

கேஸ்மேன் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் வேதியியல் ஆய்வகத்து அடுப்புகளுக்குச் சிலிண்டர் கிடையாது. கல்லூரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் உலை மூட்டி, பழுக்கக் காய்ந்த இரும்புக் குழாயில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது வாயுவாக மாறும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் கவிழ்த்துப் போட்ட இரும்பு அண்டா, ஒரு யானை குளிக்கிற அகலம். வாயு அதற்குள் சேரச் சேர அண்டா மெல்ல மேலே எழும்பும். அதை நடத்துகிறவன் கேஸ்மேன். பவுல்சாமி நடத்தினார். அவர் ஓய்வு பெற்றபின் ஆஸ்டின் அந்த வேலைக்கு வந்தான். அவன் வந்த இரண்டாம் வருஷமே சிலிண்டர் வந்துவிட்டது. கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். பணியிடத்தை யாரும் பூட்டவில்லை.

அன்றிலிருந்து ஆஸ்டின் மணி அடித்தான், ஜெனரேட்டர் ஓட்டினான், ஆற்றிலிருந்து வகுப்புக்குள் வந்த பாம்பைப் பிடித்தான், தேர்வு நாளில் பெஞ்சு சுமந்தான். அவன் பிடித்த பாம்புகளை வாலோடு தலை முடிந்தால் தாம்பரம் வரை போகும். ஆனால் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "நான் கேஸ்மேன்."

ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து வந்து சான்ட்ரா முற்றத்துக் குழாயடியில் சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பவுல்சாமியை ஆஸ்டின் அப்போதுதான் குளிப்பாட்டித் தூக்கிவந்து சாய்வு நாற்காலியில் போட்டிருந்தான். பவுல்சாமிக்கு எண்பத்தெட்டு வயது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையாது. அந்தக் குறைக்கு நாக்கு இரண்டு ஆள் வேலை செய்யும். ஒரு நாளைக்கு ஒன்பது முறை அவரைத் தூக்கி இறக்க வேண்டும். எரிக்குக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கக்கூட அனுமதி இல்லை. லிண்டாவுக்கு முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கிறது. சான்ட்ரா நனைந்த போர்வையோடு முப்பத்தெட்டு கிலோ. ஆக, தூக்க ஒரே ஆள்.

லிண்டா கையில் ஒரு தாளோடு படியிறங்கினாள்.

"ஆஸ்டின், உக்காரு. ஒரு விஷயம்."

"நின்னுகினே கேக்கறேன். சொல்லு அண்ணி."

"உன் போஸ்ட் மிகையில வருது."

"இன்னா மிகை? நான் இன்னா மிஞ்சிப்போன சாம்பாரா?"

"கேஸ் பிளாண்ட் ஓடுதா?"

"கீது."

"கீதான்னு கேக்கல. ஓடுதான்னு கேட்டேன்."

"கீதுன்றேன்ல. கொட்டாய்ல பத்திரமா கீது."

"அப்ப ஓடல. வர்ற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். ஓடலன்னு நான் எழுதணும். எழுதினா உன்னக் கமுதிக்குப் போடுவாங்க. அங்க ஒரு காலேஜ்ல ஆளு பத்தலையாம்."

செதில் உரசும் சத்தம் நின்றது. தாம்பரத்தைத் தாண்டினாலே காய்ச்சல் காணுகிற ஆள் ஆஸ்டின். வேளாங்கண்ணிக்கே ஒரு தரம் பாதியில் திரும்பியவன்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு," என்றாள் லிண்டா. "இது படிவம் ஏழு. அலுவலக உதவியாளரா மாறச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா போஸ்ட்ட மாத்திடுவாங்க. நீ இங்கயே இருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். ஆளுக்கு ஒரு ஃபார்ம்தான், நம்பர் போட்டு வந்திருக்கு. கிழிச்சிட்டா வேற கிடையாது."

பவுல்சாமி கண்ணைத் திறந்தார். "அலுவலக உதவியாளர்னா இன்னா மருமவளே?"

வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பார்கள். லிண்டாவுக்கு அந்த வித்தை வராது. பதிவேட்டில் மழை பெய்தது என்று எழுதுமுன் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்க்கிற ஜாதி.

"பியூன், மாமா."

"கேட்டியாடா ஆஸ்டினு? கேஸ்மேன் பவுல்சாமி பையன் பியூனாம். டீ வாங்கினு வரச் சொல்வாங்க. கோப்பையக் கழுவுடான்னுவாங்க. போடு, கையெழுத்துப் போடு. எனக்கு சவப்பொட்டி செஞ்சுட்டு அப்பால போடு."

"நைனா, நீ சும்மா இரு."

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? நான் அண்டாவ ஏத்தினேன்னா ஆறு லேப்பு எரியும். பிரின்ஸ்பாலே வந்து 'பவுலு, கேஸ் விடுறியா'ன்னு கேப்பாரு."

"அண்ணி," என்றான் ஆஸ்டின், "ஓடுதுன்னு எழுதேன். ஒரு வார்த்த. யாரு வந்து மோந்து பாக்கப் போறான்?"

"ஓடாதத ஓடுதுன்னு எப்படி எழுதுவேன்?"

"பேனால எழுது."

"எழுத மாட்டேன்."

சான்ட்ரா எழுந்தாள். கையில் மீனும் கத்தியும். "அக்கா, வெளிப்படையா சொல்லுங்க. கீழ்வூடு வேணும். மாடி ஏற முதுகு வலிக்குது. இந்தாள அனுப்பிட்டா நானும் பின்னாடியே போயிடுவேன்னு கணக்கு. அதானே?"

"கீழ்வூட்டோட உங்க மாமனாரும் சேர்ந்துதான் வருவாரு சான்ட்ரா. அவரத் தூக்கவா நான் ஆசப்படறேன்?"

"இன்னாது?" என்றார் பவுல்சாமி. "என்னைய சாமான் லிஸ்ட்டுல சேத்துட்டாளா?"

மாடியிலிருந்து எரிக் மெல்லிய குரலில் "லிண்டா, மேல வாயேன்" என்றான். அவன் ஆயுளில் எடுத்த அதிகபட்ச நடவடிக்கை அது. லிண்டா படிவத்தை அம்மிக்கல்லின் மேல் வைத்து, பறக்காமல் குழவியைத் தூக்கி வைத்துவிட்டுப் படியேறினாள். மீன்குழம்பு அன்றைக்கு மாடிக்குப் போகவில்லை. மாடியில் வறுத்த கத்தரிக்காயும் கீழே வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்டின் கொட்டகைப் பூட்டை உடைத்தான். சாவி முப்பது வருஷமாக அவன் இடுப்பில்தான் தொங்குகிறது. ஆனால் பூட்டு சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உள்ளே வௌவால்கள் மூன்றாம் தலைமுறைக்குக் கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தன. அண்டாவின் துரு ஆரஞ்சுச் சுளை மாதிரி உரிந்து வந்தது. தொட்டித் தண்ணீரில் தவளைகள் இவனைப் பார்த்து இருமின.

உலையைத் திரும்ப மூட்டுவது என்பது நடக்காத காரியம். குழாய் ஓட்டை, செங்கல் சரிந்துவிட்டது, மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? அப்போதுதான் மெஹபூப் அலி வந்து சேர்ந்தான். சைதாப்பேட்டைக் கோர்ட்டுப் பக்கம் பஞ்சர் கடை. ஆஸ்டினோடு இருபது வருஷப் பழக்கம். இடுப்பில் கை வைத்து அண்டாவைச் சுற்றி வந்தான்.

"இது ஏறணும், அவ்ளோதான நைனா?"

"ஏறணும். லேப்ல அடுப்பு எரியணும்."

"எரியறது உன் பேஜாரு. ஏத்தறது என் வேல. லாரி டயருக்கே காத்து அடிக்கறவன் நான், இந்த அண்டாவுக்கு அடிக்க மாட்டனா? கம்ப்ரசர லோடு ஆட்டோல கொண்டாந்து பின்னால ஜன்னலாண்ட வச்சிட்றேன். ஓஸு உள்ள போவுது. நீ குழாயத் திருப்பற மாதிரி ஆக்ட்டு குடு. அண்டா ஜம்முனு எய்ந்துக்கும்."

"அடுப்பு?"

"டேபிளுக்கு அடியில சின்ன சிலிண்டர் வச்சிக்கோ. ஒரு துணியப் போட்டு மூடு. வர்ற ஆபீசரு குனிஞ்சா பாக்கப் போறான்? தொந்தி விட்டாதான."

நான்கு நாள் உழைத்தான் ஆஸ்டின். துருவைச் சுரண்டினான், தொட்டியை இறைத்தான், விரிசலில் சிமெண்ட் பூசினான், அண்டாவுக்கு இரண்டு பூச்சு கறுப்பு பெயிண்ட் அடித்தான். தன் நிஜ வேலைக்கு முப்பது வருஷத்தில் செலவழிக்காத வியர்வையை அந்தப் பொய்க்குச் செலவழித்தான். அடையாற்று வெயிலில் அவன் முதுகில் அப்பளம் சுடலாம். சாயங்காலம் வந்து தகப்பனைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோகும்போது இரண்டு பேர் மேலும் பெயிண்ட் ஒட்டியது.

"வாசன வருதுடா," என்றார் பவுல்சாமி. "கேஸ்மேன் வாசன. இப்பதான் என் புள்ள மாதிரி கீற."

மாடியிலிருந்து எல்லாம் கேட்கும். புதன்கிழமை லிண்டா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஆஸ்டின், நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சுக்கோ."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்ட கேட்டா சொல்வேன். ஏற்கெனவே சொல்லிட்டேன், அப்பறம் என்னைக் குத்தம் சொல்லாத."

"சொல்லு. சொல்லிட்டு ஞாயித்துக்கிழம நற்கருண வாங்கு. தொண்டையில நிக்கும்."

"நீ ஆபீசர் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா யாருக்கும் தொண்டையில எதுவும் நிக்காது."

சான்ட்ரா பாதிக் குளியலில் உள்ளிருந்து வந்தாள். அவளும் இரண்டு நாளாகப் படுக்கையில் அவன் காதோரம் 'போட்டுத் தொலையேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது.

"போட மாட்டாரு! இன்னா பண்ணுவீங்க?"

லிண்டா உள்ளே போய்த் தண்ணீர் மோட்டாரை அணைத்தாள். கீழே சான்ட்ராவின் தலை முழுக்கச் சீயக்காய்.

வெள்ளிக்கிழமைக்கு நானும் போனேன். சட்டத்தில் பத்தொன்பதாம் பிரிவு, ஆய்வின்போது பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கிறது. அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும், வழக்கு எதுவும் இருக்கக்கூடாது. ஆஸ்டின் என் பெயரைக் கொடுத்தான், நான் அவன் பக்கம் பேசுவேன் என்று நம்பி. எனக்குக் கசக்குமா? விடியற்காலையிலேயே சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வு அதிகாரி சுயம்புலிங்கம் மதியம் மூன்று மணிக்கு வந்தார். காலையிலிருந்து இரண்டு கல்லூரி பார்த்திருக்கிறார். சட்டை நனைந்து, பனியனில் போட்டிருந்த விலைச்சீட்டு வரை படிக்க முடிந்தது. கல்லூரி முதல்வர் தமிழ்மொழி, பதவிக்கு வந்து மூன்று மாதமான அம்மாள், ஒவ்வொரு அறைக்கும் முன்னால் ஓடி ஓடிக் கதவைத் திறந்தார். பின்னால் லிண்டா, பதிவேடும் பேனாவுமாக. தோட்டம் இருந்தது, பம்ப் ஓடியது. கடைசியாகக் கொட்டகை.

ஆஸ்டின் காக்கிச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, அண்டா பக்கத்தில் நின்றான். குழாயைத் திருப்பினான். பின்னால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஹபூப் அலியின் கம்ப்ரசர் 'தடதட' என்றது.

"என்னய்யா சத்தம்?" என்றார் சுயம்புலிங்கம்.

"கேஸ் பிறக்குது சார்," என்றான் ஆஸ்டின்.

அண்டா ஒரு முனகு முனகியது. தண்ணீர் குமிழியிட்டது. அப்புறம் அந்தக் கறுப்பு இரும்பு, சத்தியமாகச் சொல்கிறேன், பெரிய தேர் அசைகிற மாதிரி அசைந்து எழுந்தது. ஒரு அடி, இரண்டு அடி, நான்கு அடி. வாசலில் கூடியிருந்த பியூன்களும் கிளார்க்குகளும் கை தட்டினார்கள். பேராசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் போய்ப் பார்த்தால் அடுப்பு நீலமாக எரிகிறது. சுயம்புலிங்கம் குனியவில்லை. மெஹபூப் அலி சொன்ன காரணமேதான்.

"பரவாயில்லையே," என்றார் அவர், கொட்டகைக்குத் திரும்பி வந்து. "இந்த மாநிலத்துலயே இது ஒண்ணுதான் உயிரோட இருக்கும் போலிருக்கு. மேடம், நேர்ல பாத்தீங்க இல்ல? இயங்குதுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க."

எல்லோரும் லிண்டாவைப் பார்த்தார்கள். ஆஸ்டின் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. காட்டிக் கொடுத்துப் பார் என்ற பார்வை.

லிண்டா பேனாவை மூடினாள். "சார், அது காத்து."

"எது?"

"அண்டாவுல இருக்கறது. கேஸ் இல்ல. காத்து."

அண்டாவின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அவளே போய் அதைத் திறந்தாள். முதல்வர் ஊதுபத்திக்கு வைத்திருந்த தீப்பெட்டியை வாங்கி ஒரு குச்சி கிழித்து நீட்டினாள். அண்டா 'புஸ்' என்று ஊதி அணைத்தது. இரண்டாவது குச்சி. அதையும் அணைத்தது. மூன்றாவது குச்சிக்குள் காற்று குறைந்து அண்டா இறங்க ஆரம்பித்துவிட்டது, பெரிய மனுஷன் வெட்கப்பட்டு உட்காருகிற மாதிரி. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "நைனா, பத்தலையா? இன்னும் அடிக்கட்டா?"

ஆஸ்டின் முகத்தை நான் விவரிக்க மாட்டேன். எனக்கே சிரிப்பு அந்த ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

சுயம்புலிங்கம் நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். "ஏமாத்துவேலைக்குத் தனியா எழுதணும். எழுதினா இன்னிக்கு நான் வீட்டுக்குப் போக முடியாது. காத்து அடிச்சவன் காத்தோட போகட்டும். விருப்பப் படிவம், அந்த ஏழு, குடுத்திருக்கானா? இல்லேன்னா கமுதி ஆர்டர இங்கயே போட்டுட்டுப் போறேன். அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பும்."

அப்போது நாலரை. அலுவலக மேசையில் லிண்டா படிவம் ஏழை விரித்தாள். முந்தின நாள் கீழ்வீட்டு அம்மிக்கல்லிலிருந்து எடுத்துவந்து பையில் வைத்திருந்திருக்கிறாள். ஒரு மூலையில் மட்டும் மீன் வாசனை.

"கையெழுத்துப் போடு," என்றாள்.

"அத்தினி பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டு இப்ப கையெழுத்து கேக்கறியா?"

"கேட்டாங்க, சொன்னேன். போடு. மாமாவ நெனச்சுக்கோ."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் பேனாவை எடுத்தான் என்று நினைக்கிறேன். எடுத்தவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பேனாவைத் தூக்கி எறிந்தான். மேசையில் இருந்த மைப் பெட்டியைத் திறந்து இடது கைக் கட்டைவிரலை அழுத்தி, படிவத்தில் கையெழுத்து இடத்தில் ஓங்கி வைத்தான். மேசை அதிர்ந்தது.

"பியூனுதான? பியூனுக்கு இது போதும். படிக்காத முண்டம்னு எழுதிக்கோ."

அப்படியே வெளியே போய்விட்டான். ஆஸ்டின் கையெழுத்து எவ்வளவு அழகு என்று அவன் ஞானத்தகப்பனாக நின்று கையெழுத்திட்ட பங்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு எல்லாம் சாட்சி சொல்லும்.

லிண்டா அந்த மை ரேகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு உடனே உறைத்தது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அல்லவா? கையெழுத்தாக இருந்தால் படிவம் அத்தோடு முடிந்தது. ரேகை என்றால் கீழே இன்னொரு பகுதி உயிர் பெற்றுவிடும். 'இந்த இடது கைப் பெருவிரல் ரேகை என் முன்னிலையில் வைக்கப்பட்டது. சான்றளிப்பவர்: அலுவலகக் கண்காணிப்பாளர் மட்டும். சான்றளிப்பவர் ஊழியருக்கு இரத்த வழியிலோ திருமண வழியிலோ உறவினராக இருத்தல் கூடாது. ஊழியருடன் உறவு:' என்று ஒரு கட்டம். பொய்யாக நிரப்பினால் பணிநீக்கம், ஓய்வூதியம் ரத்து என்று அடியில் பொடி எழுத்து. வேறு படிவம் கிடையாது.

மணி நாலு ஐம்பது.

"என்ன மேடம், நிரப்புங்க," என்றார் சுயம்புலிங்கம், ஒரு டம்ளர் மோரைக் குடித்தபடி. "உங்களுக்கும் அந்தாளுக்கும் உறவு கிறவு இல்லையே?"

அந்த அறையில் முப்பது பேர் இருந்தோம். முப்பது பேருக்கும் தெரியும். இருவரும் காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பித் தனித்தனி பஸ்ஸில் வருகிறவர்கள் என்று கேண்டீன் பூனைக்கும் தெரியும். முதல்வர் தமிழ்மொழிக்குத் திடீரென்று மின்விசிறியின் இறக்கைகளை எண்ண வேண்டும் என்று தோன்றிவிட்டது. டைப்பிஸ்ட் அஃப்சருன்னிசா குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். அவள் போட்டிருந்தது வாரில்லாத செருப்பு.

லிண்டா பேனாவைத் திறந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிப் படிவத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்புறம் எழுதினாள். அச்சு மாதிரி எழுத்து: இல்லை. கையெழுத்து. தேதி. முத்திரை.

சுயம்புலிங்கம் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "நான் கேட்டதே தப்பு. உறவுக்காரங்களா இருந்தா இப்படி நாலு பேரு முன்னாடி காட்டிக் குடுத்திருப்பாங்களா? பொதுமக்கள் பிரதிநிதி, நீங்களும் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக எந்தத் தப்புக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

லிண்டா கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்ததாக அஃப்சருன்னிசா பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்டின் படிவத்தின் ஊழியர் நகலை வாங்கிக்கொண்டு சந்துக்குள் வந்தான். நடுச்சந்தில் நின்று அதைத் தலைக்கு மேலே பிடித்தான்.

"எல்லாரும் பாத்துக்கோங்க! எழுத்துலயே குடுத்துட்டா! உறவு, இல்லை! முத்திர குத்தி! இருபத்தாறு வருஷம் ஒரே வூட்ல இருந்து, அவளுக்கு நான் யாருமில்லையாம்!"

பவுல்சாமி உள்ளிருந்து கத்தினார்: "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொண்ணு வேணாம்னு!"

சான்ட்ரா கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த முதல் நன்மைக் கவுனோடு ஓடி வந்தாள். மூச்சிரைக்க நகலைப் படித்தாள். "சாட்சி வேற போட்டிருக்காங்க. எதிர்வூட்டு சாரு!"

ஆஸ்டின் என்னிடம் வந்தான். "இன்னா சார், நீயுமா?"

உட்கார வைத்து அடியிலிருந்த பொடி எழுத்தை வாசித்துக் காட்டினேன். அவன் ரேகை வைத்ததால் வந்த வினை, லிண்டா உறவென்று எழுதியிருந்தால் படிவம் செல்லாது என்பது, அவன் இந்நேரம் கமுதிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பான் என்பது, எல்லாம் சொன்னேன். எழுதினது பொய் என்று தெரிந்தால் அவளுக்கு வேலையும் போகும், பென்ஷனும் போகும் என்றேன்.

ஆஸ்டின் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். உள்ளே ஒரு ஈ போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

"அண்ணி பொய் எழுதிச்சா?"

"எழுதினாங்க."

"முத்திர குத்தி?"

"குத்தி."

அவன் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை. மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. நகலை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, பையைத் தட்டினான். சந்துக்கு நடுவே போய் மாடியைப் பார்த்து நின்றான்.

"லிண்டா மேடம்! உங்க பென்ஷன் என் பாக்கெட்ல கீது! இனிமே மோட்டார நிறுத்திப் பாரு, பாக்கலாம்!"

லிண்டா மாடியில் புடவை பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். எதற்கும் அவசரப்படவில்லை.

"வச்சுக்கோ. பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சுக்கோ. அது வெளிய வந்த அன்னிக்கு உன் ஃபார்மும் செல்லாது. நான் வூட்டுக்கு, நீ கமுதிக்கு. புரியுதா?"

ஆஸ்டினின் கை சட்டைப்பையிலேயே நின்றது.

"அப்ப ஆளுக்கு ஆளு மாட்டிக்கினோமா?"

"ஆமா. நீ ரிட்டயர் ஆவற வரைக்கும். அதுக்கு முன்னாடி நான் செத்தா எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோ."

"கையெழுத்து போட்டிருந்தா இத்தினி பேஜாரே இல்ல, அத ஏன் அப்பவே சொல்லல?"

"நீ ரேக வைப்பேன்னு நான் கனவா கண்டேன்? அறிவு இருக்கறவன் எவனாவது வைப்பானா?"

"நீ காத்துன்னு சொல்லாம இருந்திருந்தா நான் ஏன் வைக்கப்போறேன்?"

"நீ காத்த கேஸுன்னு சொல்லாம இருந்திருந்தா நான் ஏன் சொல்லப்போறேன்?"

எரிக் மாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து "லிண்டா" என்றான். சான்ட்ரா கீழேயிருந்து, கத்தரிக்காய் எண்ணெயில் கரி வாசனை வருகிறது, மேலே அடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று யாரிடமோ சொல்வதுபோல் கத்தினாள். இன்னும் அரை மணி நேரத்துக்குக் குறையாது என்று நான் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன்.

அதற்குள் கீழ்வீட்டு உள்ளிருந்து பவுல்சாமி குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது.

"அங்க இன்னாடா கச்சேரி? எவனாவது வந்து தூக்குங்கடா. ஒண்ணுக்கு முட்டிக்கினு வருது."

ஆஸ்டின் வாயில் பாதி வசவோடு திரும்பினான். செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே போனான். குனிந்து தகப்பனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. மாடியில் லிண்டாவும் கைப்பிடிச் சுவரில் எட்டி, அவர் தலை நிலைப்படியில் இடிக்காமல் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

"மெள்ளத் தூக்குடா," என்றார் பவுல்சாமி. "பியூனு."